பமகுஸ்தா: யார் உள்ளூர், யார் விருந்தாளி?

கல்விச் சுற்றுலாவைப் பற்றி உள்ளூர் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு ஆய்வாளர்கள் படிவம் நீட்டுகிற ஊர்களில் ஒன்று வடசைப்ரசின் பமகுஸ்தா. நன்மையா, தீமையா, டிக் போடு. சரி, போடலாம். அதுக்கு முன்னால ஒண்ணு: யாரய்யா அந்த உள்ளூர் மக்கள்?

1571இல் ஒட்டோமான் படை இக்கோட்டை நகரைப் பிடித்தபின் கிறிஸ்தவர்கள் மதிலுக்கு வெளியே குடியேற நேர்ந்தது. அப்படி வெளியே வளர்ந்ததுதான் வரோஷா. 1974 ஆகஸ்டில் துருக்கிப் படை வந்தபோது வரோஷாவின் கிரேக்க சைப்ரசியர் தப்பி ஓடினர். பகுதியே வேலியடைக்கப்பட்டது. அதே நகரில் 1979இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், 1986இல் கிழக்கு மத்தியதரைக்கடல் பல்கலைக்கழகமானது.

1983இல் தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட வடபகுதியைத் துருக்கி மட்டுமே ஏற்றது. 1990இல் பாலி பெக் நிறுவனம் சரிந்தது. வடக்கின் அதிகாரிகள் தரும் சான்றிதழ் செல்லாது என்ற 1994ஆம் ஆண்டின் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் ஆரஞ்சு ஏற்றுமதிக்குப் பலத்த அடி. ஆரஞ்சின் சான்றிதழ் செல்லவில்லை. அங்காராவின் உயர்கல்வி மன்றம் அங்கீகரித்த பட்டச் சான்றிதழ் செல்லுபடியானது. சரக்கைக் கப்பலேற்ற வேண்டாம், வாங்குபவரே வந்துவிடுகிறார்: துருக்கியிலிருந்து, ஈரானிலிருந்து, நைஜீரியாவிலிருந்து.

இதை ஊர் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. வீட்டுக்காரருக்கு 'காசு வருதுல்ல'. லிராவில் சம்பளம் வாங்கும் உள்ளூர்க் குடித்தனக்காரருக்கோ, பவுண்டில் பேசப்படும் வாடகை எட்டாமல் போகிறது. கோபம் வீட்டுக்காரர்மேல் பாய்வதைவிடத் தெருவில் கண்ணில் படும் கறுப்பு மாணவன்மேல் பாய்வது சுலபம். இரண்டு தரப்பின் பதிலையும் கூட்டிச் சராசரி எடுத்து 'ஊரின் பார்வை' என்றால், வர்க்கம் காணாமல் போகிறது. நிறவெறி 'சமூகத் தாக்கம்' ஆகிவிடுகிறது.

படிவத்துக்குள் வராதவர்களும் உண்டு. வரோஷாவில் அதன் குடிமக்கள் அல்லாதோரைக் குடியேற்றுவது ஏற்கத்தக்கதல்ல என்றது ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 550ஆம் தீர்மானம் (1984). அந்தக் குடிமக்களிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை. 2020 அக்டோபரில் அதன் கடற்கரையில் ஒரு பகுதி திறக்கப்பட்டபோதும் பார்வையாளராகத்தான் அவர்கள் நுழைய முடிந்தது. 1974க்குப் பின் அனத்தோலியாவிலிருந்து குடியேறியவரும் உள்ளூர்க்காரராகப் பதில் சொல்லலாம். நான்கு வருடம் வாடகை கொடுத்து, எச்சில் தட்டுக் கழுவிப் படிக்கிற மாணவன் மட்டும் 'சுற்றுலாப் பயணி'. பயணி என்று பேர் வைத்தாச்சு. இனி அவனுக்குக் கூலிச் சட்டம் எதுக்கு, வாடகை உரிமை எதுக்கு?

ஆகவே 'உள்ளூர் கருத்து' என்று எந்த ஆய்வு வந்தாலும், அதன் முடிவை வாசிக்குமுன் யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள் என்று வாசிப்போம். வரோஷாவின் வேலியும் அந்தப் பட்டியலும் ஒரே வரலாற்றில் எழுந்தவை.