மாத ஊதியமும் மாமரமும்

சித்திரை பிறந்துவிட்டால் மும்பையில் நம் குடியிருப்பு வாயில்களில் இரத்தினகிரி மாம்பழப் பெட்டிகள் வந்து இறங்கிவிடுகின்றன. விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டாலும், ஒரு டஜனேனும் வாங்காத இல்லம் அரிது. அக்கனியை உண்ணும்போது அதனை விளைவித்த உழவரை நினைப்பவர் சிலர் இருக்கலாம். அவ்விளைவில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணுபவர் மிகச் சிலரே. ஆயினும் அப்பங்கு உண்மையானது. நம் ஊதியச் சீட்டில் 'தொழில் வரி' என்ற பெயரால் பிடிக்கப்படும் சிறு தொகைக்கும், கொங்கணத்துச் செம்பாறை நிலத்தில் நிற்கும் மாமரத்துக்கும் ஓர் உறவு உண்டு. அவ்வுறவின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனையை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான், தென்னையை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான் என்பது நம் நாட்டுப் பழமொழி. மர வேளாண்மையின் இடர் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நெல் சில திங்களில் களம் சேரும். மாவோ, நல்ல ஒட்டுக்கன்றாயினும், பயன்தரும் அளவுக்குக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை குழி வெட்டுதல், எரு இடுதல், வேலி அமைத்தல், கோடைதோறும் நீர் சுமந்து ஊற்றுதல் எனச் செலவு உண்டு, வரவு இல்லை. செல்வர் காத்திருக்கலாம். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உடைய ஏழை எவ்வாறு காத்திருப்பார்?

ஆங்கில ஆட்சியினர் இவ்வினாவுக்குக் கடனையே விடையாகக் கொண்டனர். 1875ஆம் ஆண்டு புனே மாவட்டத்துச் சுபே என்னும் ஊரில் உழவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் பத்திரங்களைப் பறித்து எரித்தனர். அக்கிளர்ச்சி தக்காணத்தின் பல ஊர்களுக்கும் பரவியது. அதன் விளைவாக 1879இல் தக்காண உழவர் துயர் நீக்கச் சட்டம் பிறந்தது. பின்னர் 1883இலும் 1884இலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி நிலத்தைத் திருத்தவும், விதையும் மாடும் வாங்கவும் அரசு கடன் வழங்கியது. தக்காவி என மக்கள் வழங்கிய கடன் இதுவே. வட்டிக்கடைக்காரரின் கடனைவிட இது நன்று என்பதில் ஐயமில்லை. எனினும் கடன் கடனே. கன்று பட்டுப்போனாலும் வட்டியோடு திரும்பக் கேட்பது அதன் இயல்பு.

வித்தையில் குறைவு இருந்ததில்லை. புனே கணேஷ்கிண்ட் தோட்டத்தில் ஜி. எஸ். சீமா என்னும் அறிஞர் தேர்ந்தெடுத்த மாதுளை பிற்காலத்தில் 'கணேஷ்' என்னும் பெயரால் புகழ் பெற்றது. நல்ல கன்று இருந்தது, நிலமும் இருந்தது. காத்திருக்கும் வலிமை ஒன்றே இல்லாதிருந்தது.

அவ்வலிமை எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. மராட்டிய மேலவைத் தலைவராக விளங்கிய வி. எஸ். பாகே என்னும் காந்தியவாதி, வேலை கேட்டு வரும் சிற்றூரார்க்கு வேலை தருவது அரசின் கடமை என்னும் கருத்தை 1965ஆம் ஆண்டில் சாங்லி மாவட்டத்துத் தாஸ்காவ் பகுதியில் செய்து பார்த்தார். 1972இல் கொடும் வறட்சி வந்தது. 1973 மே மாதத்தில் நிவாரணப் பணிகளில் வேலை செய்தோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். அப்பட்டறிவின் பயனாக வேலை உறுதிச் சட்டம் 1977இல் நிறைவேறி, 1979 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டத்துக்குப் பொருள் தேடவே 1975ஆம் ஆண்டின் தொழில் வரிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் முகவுரையே இதனைக் கூறும். நகரத்தில் ஊதியம் பெறுவோரும் தொழில் நடத்துவோரும் வரி செலுத்த, அதற்கு ஈடான தொகையை அரசும் சேர்த்தது. ஒருவரிடம் இவ்வரியை ஆண்டுக்கு 250 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று முதலில் அரசியலமைப்பு வரையறுத்திருந்தது. 1988இல் செய்த திருத்தம் அவ்வரம்பை 2500 ரூபாயாக உயர்த்தியது. தனித்தனியே பார்த்தால் சிறு தொகை. சேர்த்துப் பார்த்தால் பெருநிதி.

தொடக்கத்தில் அந்நிதி சாலைகளுக்கும், ஊருணிகளுக்கும், மண் அரிப்பைத் தடுக்கும் வரப்புகளுக்கும் சென்றது. 1990இல் ஒரு புதிய திருப்பம் நேர்ந்தது. தனியார் நிலத்தில் பழமரம் நடுவதும் வேலை உறுதிப் பணியாக ஏற்கப்பட்டது. சிறு உழவர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும் கூலியும் பொருட்செலவும் முழுமையாக மானியமாகக் கிடைத்தன. ஏனையோர் பொருட்செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்றனர். கொங்கணத்தில் மாவும் முந்திரியும், வறண்ட மேட்டு நிலத்தில் மாதுளை, இலந்தை, சீத்தா முதலியனவும் பரவின. சில ஆண்டுகளில் பழத்தோட்டப் பரப்பு பன்மடங்காயிற்று. மாதுளையில் இன்று நாட்டின் முதன்மை மாநிலம் மராட்டியமே.

மானியம் ஒரே தவணையில் கொடுத்து மறக்கப்படுவதன்று என்பதும் கருதத்தக்கது. 2005இல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை இயக்கம், உதவியை மூன்று ஆண்டுகளில் தவணைகளாகப் பிரித்தது. இரண்டாம் ஆண்டில் 75 விழுக்காடு கன்றுகளும், மூன்றாம் ஆண்டில் 90 விழுக்காடு கன்றுகளும் உயிரோடிருந்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும் என்பது அதன் விதியாக இருந்தது. நட்ட மரத்துக்கு அன்று, வாழும் மரத்துக்கே பணம் என்பது எத்துணை அறிவுடைய ஏற்பாடு!

குறைகளையும் மறைத்தல் ஆகாது. வேலையற்ற கூலியாளர்க்கென எழுந்த நிதி, நிலம் உடையவரின் சொத்தைப் பெருக்கிற்று என்பது ஒரு குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. குழி வெட்டியவர்க்குக் கிடைத்தது சில நாட் கூலி. மரம் நின்றது நிலக்காரரிடம். தோட்டங்கள் வளர்ந்தபின் பறிக்கவும் சுமக்கவும் வேலை பெருகியது மெய்யாயினும், அது முழு ஈடாகாது. அன்றியும், மரத்துக்கு மானியம் தந்த அரசால் மழைக்கு உறுதி தர இயலவில்லை. 2000க்குப் பின் மாதுளையைத் தாக்கிய எண்ணெய்ப்புள்ளி நோய் பலருடைய தோட்டங்களை அழித்தது. 2005இல் சோலாப்பூரில் மாதுளைக்கென ஓர் ஆராய்ச்சி மையம் அமைந்தது.

குறைகள் இவ்வாறிருப்பினும், அடிப்படை உண்மை மாறவில்லை. மாதந்தோறும் ஊதியம் பெறுவோரால் காத்திருக்க இயலும். மழையை நம்புவோரால் இயலாது. முன்னவரின் வலிமையில் ஒரு துளியை எடுத்துப் பின்னவர்க்கு அளித்ததே இம்மானியம். அவ்வரி செலுத்துபவரின் தாய்மொழி எதுவென்று கேட்டதில்லை. மாட்டுங்காவின் எழுத்தரும், செம்பூரின் ஆசிரியரும், தாராவியின் வணிகரும் அதில் பங்கு கொண்டனர்.

பிழைக்க வந்தவர் என்று நம்மைச் சுட்டிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு விடை கூறச் சொற்போர் வேண்டுவதில்லை, அம்மரங்களே போதும். அடுத்த சித்திரையில் பெட்டியைத் திறக்கும்போது, 'இதில் நம் வீட்டுப் பணமும் ஒரு கூடை எருவாகக் கிடந்தது' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். கனியின் விலையை விசாரிக்கும் நாம் நம் வரியின் பயனையும் விசாரித்து அறிவோமாக. குழி வெட்டிய கைகளுக்கும் அக்கனியின் சுவை எட்டுகிறதா என்பதே அவ்விசாரணையின் முதல் வினாவாக இருக்கட்டும்.