குடிமராமத்தில் 'குடி' யார்?

கோடையில் கண்மாய் வற்றியதும் வரத்துக்காலைத் தூர்வாரி, முள்ளை வெட்டி, மடையைச் செப்பனிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் குடிமராமத்து. ஊரே கூடி ஊருக்காகச் செய்த வேலை என்று மேடைதோறும் கேட்கிறோம். அந்த ஊரில் சேரியும் சேர்த்தியா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சட்டத்தைப் பாருங்கள். அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843இல் வந்தது. சரியாக 15 ஆண்டுகளில், 1858இல், சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து என்றால் அக்கம்பக்கத்து 'உழைக்கும் வகுப்பு' ஆண்களை வேலைக்கு இழுக்கலாம், மறுத்தால் தண்டனை. வழக்கப்படியான மராமத்துக்கு வராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். அவசர வேலைக்குக் கூலி உண்டு என்றும் சட்டம் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் பண்ணையாள் வைத்திருந்தவருக்குத் தானே மண்வெட்டி பிடிக்கும் தேவை வரவில்லை. 'உழைக்கும் வகுப்பு' என்று எழுதியவருக்கும் அது எந்தத் தெரு என்று தெரியும்.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. பெரும்பாலும் தலித், தலைமுறை தலைமுறையாக வரும் வேலை. மடை திறப்பதும் அடைப்பதும் அவர். முறை வைத்துப் பாய்ச்சுவது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று ராத்திரியிலும் வரப்பில் நடப்பது, கரை எங்கே கசிகிறது, கால் எங்கே மேடிட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. மராமத்து எங்கே தொடங்க வேண்டும் என்று அறிந்தவரும் அவரே. கூலி, அறுவடையில் களத்தில் அளக்கும் நெல். நிலம் இல்லாதவன்தான் பாரபட்சம் பார்க்க மாட்டான் என்பது ஊர் சொல்லும் காரணம். நிலம் தராமல் வைத்திருந்ததையே தகுதியாக்கிய சாமர்த்தியம்! கண்மாய் முழுவதையும் அந்தக் கையில் ஒப்படைத்தவர்கள், அதே கை குடிநீர் ஊருணியில் குடத்தை முக்கினால் தீட்டு என்றார்கள்.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். பணிகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் வழியே நடந்தன. 10 சதவீதம் அவர்கள் பங்கு, பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ. ஆயக்கட்டில் நிலம் இல்லாத நீர்க்கட்டிக்கு இதில் என்ன இடம்? மண் வெட்டிய வேலையைப் பொக்லைன் எடுத்துக்கொண்டது, கையெழுத்துப் போடும் வேலை நிலம் உள்ளவரிடமே இருக்கிறது.

கல்லூரித் தோழர்கள் இந்தக் கோடையில் ஒன்று செய்யலாம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நடந்த பணியின் சங்க உறுப்பினர் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு போய் நீர்க்கட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் காலை எந்த மாதம் வெட்ட வேண்டும் என்று அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.