கல்லிருக்கும் இடத்திற்குச் செல்லும் கல்வி

பினாங்கு மாநில அருங்காட்சியகம் 1965ஆம் ஆண்டு, ஜார்ஜ் டவுன் பார்குவார் சாலையில் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் திறக்கப்பட்டது. 1816இல் தோன்றிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல், 1928இல் வேறிடம் பெயரும்வரை இயங்கிய கட்டடம் அது. பள்ளிக்கு மாணவர் நாள்தோறும் வருவர்; அருங்காட்சியகத்திற்கோ வர விரும்பியவரே வருவர். வாராதாரை அடைவது எங்ஙனம் என்பதே நம்முன் உள்ள வினா.

இவ்வினாவைச் சென்னை முன்பே எதிர்கொண்டது. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் முதற்பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரள்வதை உணர்ந்து 1855இல் விலங்குக் காட்சிச்சாலையும் அமைத்தார். பின்னர் வேறிடம் சென்ற அதனை மக்கள் ‘உயிர் காலேஜ்’ என்றனர். அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. கேலிப் பெயரேனும் அது மக்கள் நாவில் வாழ்ந்த பெயர். காணும் பொங்கலன்று அங்கே பெருங்கூட்டம் திரண்டது. எட்கர் தர்ஸ்டன் காலத்தில், ஆடவர்முன் வெளிவாராத மகளிர்க்கெனத் தனிநாளும் ஒதுக்கப்பட்டது. மக்களின் திருநாளையும் வழக்கத்தையும் அறிந்து நடந்ததே அந்நிறுவனத்தின் வெற்றி.

பினாங்கிற்கு இப்பாடம் மிகவும் பொருந்தும். 1834இல் ஜேம்ஸ் லோ, இன்று செபராங் பிறை எனப்படும் நிலப்பகுதியில் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். மாநாவிகன் புத்தகுப்தன் பெயர் தாங்கிய அக்கல் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினது. மொழி வடமொழி, எழுத்து பல்லவ மரபைச் சார்ந்தது. தென்னிந்திய எழுத்து இக்கடற்கரையை எட்டியதற்குச் சான்றான அக்கல் இன்று கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைக் காண நம் பிள்ளைகள் கடல் கடக்க வேண்டும்.

ஆயின் இன்னொரு கல் இங்கேயே நிலைத்துள்ளது. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் ஆலய வளாகத்தில் நிற்கும் செரோக் தோக்குன் பாறையிலும் பண்டை எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர்த்து எடுத்துவர இயலாத அப்பாறையை எந்தக் கூடத்திலும் வைக்க முடியாது; அருங்காட்சியகமே அதனிடம் செல்லவேண்டும். ஆண்டுதோறும் ஜூலைத் திருவிழாவில் பல சமயத்தாரும் பல்லாயிரவராய் அங்கே கூடுகின்றனர். அந்நாள்களில் மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் விளக்கம் கூற ஒருவர் பாறையருகே நிற்பாராயின், அது சென்னையின் காணும் பொங்கலுக்கு நிகராகும். தமிழ்ப்பள்ளி மாணவரை ஆண்டுக்கொரு முறை அங்கே அழைத்துச் செல்வதும் அரிதன்று.

ஒரு கல் நம்மைவிட்டுச் சென்றபோது, அதன் பொருளை எடுத்துரைப்பார் இங்கில்லை. எஞ்சிய கல்லேனும் அதனருகே வாழ்வோர்க்குப் பொருள் விளங்க நிற்றல் வேண்டும். காத்தல் பாதிப்பணி, உணர்த்துதலே மறுபாதி.