முட்டைகோஸ் அழுகலும் முகப்பூச்சும்

முகப்பூச்சுக் குப்பியைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படிப்பது என் பழக்கம். எத்தனையோ குப்பிகளில் 'சாந்தன் கம்' என்ற பெயர் தென்படுகிறது. அந்தப் பிசினுக்குப் பின்னால் அலீன் ஜீன்ஸ் என்ற பெண் வேதியியலாளர் இருப்பதை நான் பார்த்த எந்த விளம்பரமும் சொன்னதில்லை.

1906இல் டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் பிறந்தவர். சில ஆண்டுகள் கல்லூரியில் அறிவியல் கற்பித்தார். 1938இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு பியோரியாவில், உபரிச் சோளத்துக்குப் புதுப் பயன் தேடிய அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்தில் வேலை. நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று வெளியேற்றும் கொழகொழப்புதான் அவருடைய பாடம். மற்றவர்கள் கழுவிக் கொட்டிவிடுகிற பொருள். கெட்டுப்போன ரூட் பீர் பானத்திலிருந்து டெக்ஸ்ட்ரானை எடுத்தார். இரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாக அது கொரியப் போரில் உயிர்களைக் காத்தது. அடுத்து அவருடைய குழு, முட்டைகோசில் கருப்பழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவிடமிருந்து சாந்தனைப் பெற்றது. 1969இல் அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது.

க்ரீம் என்பது பெரும்பாலும் தண்ணீருக்குள் சிதறிய எண்ணெய்த் துளிகள். அப்படியே விட்டால் துளிகள் மேலேறித் திரளும். நூற்றில் அரைப் பங்கு சாந்தன் சேர்த்தாலே தண்ணீர் கெட்டிப்பட்டு அவற்றைத் தாங்கிக்கொள்ளும். அதன் சங்கிலிகள் முறுக்கிய கயிறுபோல் விறைப்பானவை; சும்மா இருக்கும்போது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், விரலால் தேய்த்தால் ஒரே திசையில் சாய்ந்து வழிவிடும். குப்பிக்குள் நிற்கும் க்ரீம் கன்னத்தில் ஓடுவது இதனால்தான். அளவு மிஞ்சினால் வெண்டைக்காய்போல் வழவழக்கும். கரோப் விதைப் பிசினையும் கூட்டினால் ரப்பராக நீளும். 1950களில் வந்த செயற்கைக் கார்போமரின் பல வகைகள் நேர் எதிர்: விரலை எடுத்ததும் நூல் இழுபடாமல் சட்டென்று அறுந்துவிடும்.

செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்த நம் பாட்டிமார்களுக்கும் இந்த அளவு தெரியும். வீட்டில் அதைக் கைப்பக்குவம் என்றோம், ஆய்வகத்தில் பாகியல் என்கிறார்கள். சிவப்பழகு வியாபாரத்தை நாம் கண்டித்தது சரிதான். ஆனால் அந்த வரலாற்றில் பெண் வாங்குபவளாகவும் ஏமாறுபவளாகவும் மட்டுமே வருவது எனக்கு ஒப்பவில்லை. ஜீன்ஸ் அழகு சாதனம் செய்யப் புறப்பட்டவரும் அல்ல. அவருடைய பிசின் எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றிலும் கலக்கப்படுகிறது. அங்கே அதை யாரும் பெண்கள் சமாச்சாரம் என்பதில்லை.

1953இல் வேளாண் துறையின் உயரிய விருதைப் பெற்ற முதல் பெண் அவர். 1956இல் அமெரிக்க வேதியியல் கழகம் அவருக்குக் கார்வன் பதக்கம் அளித்தது. அது பெண்களுக்கென்று தனியே ஒதுக்கி வைத்திருந்த பரிசு.