மின்னியக்க மண் தூய்மையாக்கம்

மின்னியக்க மண் தூய்மையாக்கம் என்பது, மாசடைந்த மண்ணைத் தோண்டி அகற்றாமல், அது இருக்கும் இடத்திலேயே நேர் மின்னோட்டத்தைச் செலுத்தி, மாசுகளை ஒரு பக்கமாக நகர்த்திப் பிரித்தெடுக்கும் முறையாகும். பார உலோகங்கள், உப்புகள், சில கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றை நீக்க இது பயன்படுகிறது. இத்துறையில் ஆய்வு செய்துள்ள இந்திய நிறுவனங்களுள் ஒன்று, சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். இது புதுக்கோட்டை நகருக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள காரைக்குடியில் அமைந்துள்ளது.

செயற்படும் விதம்

மாசடைந்த நிலத்தின் இருபுறமும் துளையிட்டு மின்வாய்கள் பதிக்கப்படுகின்றன. ஆய்வுகளில் பெரும்பாலும் 1 செ.மீ. இடைவெளிக்கு 1 வோல்ட்டு என்ற அளவில் மின்னழுத்தம் தரப்படுகிறது. அதாவது 1 மீட்டருக்கு 100 வோல்ட்டு. மண் ஈரமாக இருத்தல் வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது.

மின்னோட்டம் பாயும்போது இரு முக்கிய நிகழ்வுகள் ஏற்படுகின்றன. முதலாவது அயனிகளின் இடப்பெயர்ச்சி. ஈயம், செம்பு, காட்மியம் போன்றவற்றின் நேர் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கியும், குளோரைடு, குரோமேட்டு போன்ற எதிர் அயனிகள் நேர்மின்வாயை நோக்கியும் நகரும். இரண்டாவது மின்னாற் சவ்வூடு பரவல். களிமண் துகள்களின் மேற்பரப்பு பொதுவாக எதிர்மின்னூட்டம் உடையது. அதனை ஒட்டியுள்ள நேர் அயனிகள் நகரும்போது துளைகளிலுள்ள நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. மின்னூட்டம் இல்லாத கரிமப் பொருள்களும் இந்நீருடன் வந்துவிடும்.

களிமண்ணில் இதன் பயனை ஒரு கணக்கால் உணரலாம். நீரை ஊற்றிக் கழுவ முயன்றால், இறுகிய களிமண்ணில் அது தன் எடையால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 செ.மீ. தான் இறங்கும். மேற்கூறிய மின்னழுத்தத்தில் அதே நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நகரும்.

அமில முகப்பு

இம்முறையின் வலிமையும் சிக்கலும் ஒரே இடத்தில் தோன்றுகின்றன. மின்வாய்களில் நீர் மின்னாற்பகுப்பு அடைவதால் நேர்மின்வாயில் ஆக்சிசனும் அமிலமும், எதிர்மின்வாயில் ஐதரசனும் காரமும் உண்டாகின்றன. ஐதரசன் அயனி ஐதராக்சைடு அயனியை விட ஏறத்தாழ 1.8 மடங்கு வேகமாக நகர்வதால், மண்ணின் பெரும்பகுதியில் அமிலமே பரவும். இந்த அமிலம் களிமண்ணில் ஒட்டியுள்ள உலோகங்களை விடுவிக்கும். ஆனால் அது காரத்தைச் சந்திக்கும் இடத்தில் உலோகங்கள் ஐதராக்சைடுகளாக வீழ்படிந்து துளைகளை அடைத்துவிடும். பாதி வழியில் வேலை நின்றுவிடுகிறது. இதனைத் தவிர்க்க எதிர்மின்வாய்க் கிணற்றில் அசிட்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ சேர்ப்பதுண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பல பகுதிகளில் காணப்படும் செம்மண், செம்புறாங்கல் மண் வகைகளுக்கு இது இன்னொரு வகையில் பொருந்தும். அவற்றிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் அமிலச் சூழலில் நேர்மின்னூட்டம் பெறுவதால், குரோமேட்டு அயனிகளைப் பற்றிக்கொள்ளும். நீரோட்டத்தின் திசைகூட மாறக்கூடும். ஓரிடத்தில் வெற்றி பெற்ற அமைப்பை வேறு மண்ணில் அப்படியே நிறுவ இயலாது.

வரலாறு

மின்சாரத்தால் களிமண்ணில் நீர் நகர்வதை ருசியாவில் பணியாற்றிய ராய்சு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்தார். 1930களில் லியோ காசகிராண்டே செருமனியில் மென்மையான களிமண்ணை இறுக்க இதனைப் பயன்படுத்தினார். மண்ணைத் தூய்மைப்படுத்துவதில் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது என்பது பலரும் அறியாத செய்தி. பஞ்சாபின் களர் நிலங்களை மின்சாரத்தால் சீர்திருத்துவது பற்றிப் பூரி, ஆனந்த் ஆகியோர் 1936இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பின்னர் 1987இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில், பழைய வண்ணப்பூச்சு ஆலை ஒன்றின் அருகே, ஈயத்தையும் செம்பையும் நீக்கும் களச் சோதனை நடந்தது. 1995இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மற்றொரு சோதனை தொடங்கியது. மின்வாய்களுக்கு இடையே மாசைச் சிதைக்கும் அடுக்குகளை அமைத்ததால், அடுக்கடுக்காகச் செய்யப்படும் இத்தாலிய உணவின் பெயரால் அம்முறை லசான்யா என அழைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

சிக்ரிக்கு 1948இல் சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் நன்கொடையாக அளித்தார். 1953இல் இது திறக்கப்பட்டது. அமிலத்திலும் குளோரினிலும் அரிக்கப்படாத டைட்டேனிய மின்வாய்களை இந்நிறுவனம் உருவாக்கியுள்ளது. மண் தூய்மையாக்கத்தில் இரும்பு நேர்மின்வாய் விரைவில் கரைந்துவிடும் என்பதால் இத்தகைய மின்வாய்கள் முக்கியமானவை.

சாயக் கழிவுநீரால் கெட்ட வேளாண் மண்ணை இம்முறையில் தூய்மைப்படுத்தும் ஆய்வைச் சிக்ரி ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். 2011 சனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நினைவிற் கொண்டால் இதன் தேவை விளங்கும். சாயக் கழிவுநீரில் நிறத்தோடு உப்பும் மிகுதி. மின்னோட்டத்தில் சோடியம் ஒரு பக்கமும் குளோரைடு மறுபக்கமும் பிரியும். குளோரைடிலிருந்து உண்டாகும் குளோரின் சாயத்தையும் சிதைக்கும்.

இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை விட்டுச்சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக்கு இம்முறை மட்டும் போதாது. குவியல் இருக்கும்வரை ஒவ்வொரு மழைக்கும் புதிய குரோமேட்டு மண்ணுக்குள் இறங்கும். முதலில் குவியலை அகற்ற வேண்டும். அடியில் எஞ்சும் களிமண்ணுக்கே மின்னியக்க முறை பொருந்தும்.

குறைபாடுகள்

மின்சாரம் உலோகத்தை இடம் மாற்றுமே அன்றி அழிக்காது. மின்வாய்க் கிணறுகளில் சேரும் நீரை வெளியேற்றித் தனியே சுத்திகரிக்க வேண்டும். மண்ணில் புதைந்த குழாய், கம்பி முதலியவை மின்னோட்டத்தைத் திசைதிருப்பும். அமிலம் மாசோடு கால்சியம் போன்ற பயிர்ச் சத்துகளையும் கரைப்பதால், வேளாண் நிலமாயின் பணி முடிந்த பின் சுண்ணாம்பும் தொழுவுரமும் இட்டு மண்ணைத் தேற்ற வேண்டியிருக்கும். உப்பு மிகுந்த நிலத்தில் மின்னோட்டம் அதிகரித்து மின்செலவு கூடும். அங்கு நேர்மின்வாயில் குளோரின் வாயுவும், எதிர்மின்வாயில் எரியக்கூடிய ஐதரசனும் வெளிப்படுவதால், கிணறுகளை இறுக மூடாமல் காற்றோட்டத்துடன் அமைக்க வேண்டும்.