செங்கூன்வண்டு

தென்னை, பனை, பேரீந்து முதலிய விருட்சங்களின் தண்டினுள்ளே புகுந்து, உள்ளீட்டைத் தின்று, மரத்தையே வீழ்த்திவிடும் வண்டினம். கன்னியாகுமரி மாவட்டத்தில், சிறப்பாக நெட்டைத் தென்னைக்குப் பெயர்பெற்ற ஈத்தாமொழி வட்டாரத்து விளைகளில், தென்னையின் பிரதான சத்துருக்களுள் இதுவும் ஒன்றாகும்.

வகைப்பாடும் வரலாறும்: பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞரான ஒலிவியே 1790-இல் இவ்வண்டைக் ‘குர்குலியோ ஃபெருஜினியஸ்’ என்று பெயரிட்டு வருணித்தார், 1795-இல் ஹெர்ப்ஸ்ட் வகுத்த ‘ரின்கோஃபோரஸ்’ என்னும் பேரினத்தில் அது பின்னர்ச் சேர்க்கப்பட்டது. நீண்டு வளைந்த மூக்குடைய வண்டுகளின் குடும்பமாகிய குர்குலியோனிடேயைச் சார்ந்தது. இதனைத் தனிக் குடும்பத்தில் வைப்பாரும் உளரெனினும் அப்பிரிவினை அவசியமற்றது. பான்ஸர் 1798-இல் வருணித்த ‘வல்னரேட்டஸ்’ இதன் உறவினமேயன்றி இதுவே அன்று. இந்தியத் தென்னைகளுக்கு இதனால் விளையும் கேட்டை, பூசாவில் அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்த லெப்ராய் 1906-இல் பதிவு செய்தார். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் தாயகமாகக் கொண்ட இவ்வண்டு, 1980-களின் நடுவில் பாரசீக வளைகுடா நாடுகளுக்கும், 1990-களில் எகிப்து, ஸ்பெயின் ஆகிய தேசங்களுக்கும், கன்றுகளோடும் அலங்காரப் பனைகளோடும் கப்பலேறிச் சென்று, அங்கே அந்நியப் படையெடுப்பாளன் என்னும் அபகீர்த்தியைப் பெற்றது.

இயல்பும் சேதமும்: பெண்வண்டு தண்டின் வெட்டுக்காயங்களிலும் பிளவுகளிலும், காண்டாமிருக வண்டு குருத்தில் துளைத்த வழிகளிலும் முட்டையிடும். காலற்ற புழுக்கள் தண்டைக் குடைந்து வளர்ந்து, நாரினால் கூடு கட்டி அதனுள் கூட்டுப்புழுவாகின்றன. ஐந்து முதல் இருபது ஆண்டு வரையுள்ள இளமரங்களே பெரிதும் இரையாகின்றன. துளைகளிலிருந்து செம்பழுப்பு நீர் கசிதலும், மென்ற நார் வெளித்தள்ளுதலும், தண்டில் செவி வைத்தால் உள்ளே நறநறவென்று கேட்பதும், உட்குருத்து வாடுதலும் இதன் அடையாளங்கள். குருத்து வாடிய பின்னர் மரம் பிழைப்பது அரிது.

பாதுகாப்பு: காயமே இவ்வண்டிற்கு வாயிலாதலின், காயம் நேராமற் காப்பதே சிகிச்சையினும் சிறந்தது. பச்சை மட்டையைத் தண்டை ஒட்டி வெட்டுவதும், ஏறுவதற்காகப் படிகள் செதுக்குவதும் பொறுப்பற்ற வழக்கங்கள். மட்டையை வெட்ட நேரின் ஏறத்தாழ நான்கடி அடிப்பாகம் விட்டு வெட்டுதல் வேண்டும். குருத்தை அடுத்த மட்டைக் கவடுகளில் மணலும் வேப்பங்கொட்டைப் பொடியும் கலந்து இடுவது காண்டாமிருக வண்டைத் தடுத்து, அதன் மூலமாக இதனையும் தடுக்கும். காண்டாமிருக வண்டு எருக்குழிகளிலும் மக்கும் தண்டுகளிலும் பெருகுவதாகலின், 2017-இன் ஒக்கிப் புயலில் நேர்ந்தது போல் மரங்கள் மிகுதியாய்ச் சாயுங்காலங்களில் அவற்றை விளையிலேயே கிடக்கவிடுதல் ஆகாது. எருக்குழியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் கலப்பது காண்டாமிருக வண்டின் புழுக்களை அழிக்கும். செங்கூன்வண்டு தாக்கி மீட்க இயலாத மரத்தை வெட்டிப் பிளந்து எரித்தல் வேண்டும்.

இக்காலத்தில், 1993-இல் கண்டறியப்பட்ட ஃபெருஜினியால் என்னும் கவர்ச்சிப்பொருள் வைத்த வாளிப் பொறிகளும் பயன்படுகின்றன.