பயணியும் பாதணியும்

சுவாமிமலையிலிருந்து தஞ்சையை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் சுந்தரப்பெருமாள்கோவில், பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை என நிலையங்கள் அடுத்தடுத்து வரும். இராஜகிரி, வழுத்தூர், சக்கராப்பள்ளி முதலிய ஊர்களும் இந்தக் காவிரிப் பாசனப் பகுதியில் அடங்குவனவே. இவ்வூர்களில் வாழும் நம் குடும்பங்களுள் கடல் கடக்காத குடும்பத்தைக் காண்பது அரிது. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோர் பலர். தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் வழியே கொழும்பை அடைந்தோர் பலர். இன்று அவர்களின் பேரர்கள் விமானம் ஏறுகின்றனர். ஊரும் ஊர்தியும் மாறினும், புறப்படும் முன் எழுகின்ற வினா ஒன்று மட்டும் மாறவில்லை. “அங்கே எப்படி உடுத்திக்கொண்டு போய் இறங்குவது?” என்பதே அவ்வினா.

அண்மையில் மேலைநாடு ஒன்றுக்குப் படிக்கச் செல்லும் இளைஞர் ஒருவர் நம்மை நாடி வந்தார். “ஹஜ்ரத், அந்நாட்டில் தொப்பியைக் கழற்றச் சொன்னால் கழற்றலாமா? கழற்றினால் மார்க்கத்தை விட்டுக்கொடுத்தவன் ஆவேனா?” என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். ஆயினும் இவ்வினா இன்று தோன்றியதன்று. தலையணியும் பாதணியும் அயல்நாட்டு வாயில்களில் பட்டபாடு நம் வரலாற்றில் நெடிது. அதனை அறிந்தபின் விடை காண்பதே முறையாகும்.

முதற்கண் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாழ்வை நோக்குவோம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் நிகழ்ந்த தபூக் பயணத்தின்போது அண்ணலார் அணிந்திருந்தது ஷாம் தேசத்து ஜுப்பா என்று முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். அதன் கைகள் குறுகலாக இருந்தமையால், உளூச் செய்யும்போது கைகளை ஜுப்பாவின் கீழ்ப்புறமாக வெளியே எடுக்க நேர்ந்தது. ஷாம் அக்காலத்தில் ரோமப் பேரரசின் ஆட்சியில் இருந்த நாடு. பிற நாட்டார் தைத்த உடை என்பதற்காக அண்ணலார் அதனை ஒதுக்கவில்லை. அவ்வாறே அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இரு கறுப்புக் குஃப்புகளை, அதாவது தோலாலான காலுறைகளை, அன்பளிப்பாக அனுப்பியபோது அவற்றை அணிந்து, உளூவின்போது அவற்றின்மீது மஸ்ஹும் செய்தார்கள் என ஹதீஸ் நூல்கள் பகர்கின்றன. மத்ரஸாவில் மஸ்ஹுச் சட்டம் ஓதும் சிறுவர்க்கு இச்செய்தி தெரியும். அதில் அயலாரை மதிக்கும் பண்பாடும் அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவே.

இதற்கு மறுபுறமாக உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஒன்று உண்டு. கலீஃபாவாக ஷாமுக்குச் சென்றபோது, வழியில் நீர்த்துறை ஒன்று குறுக்கிட்டது. ஒட்டகத்தினின்று இறங்கிக் குஃப்புகளைக் கழற்றித் தோளில் இட்டுக்கொண்டு, கடிவாளத்தைப் பற்றியவாறு நீரில் நடந்தார்கள். இந்நாட்டு மக்கள் தங்களை இந்நிலையில் காண்பதை நான் விரும்பவில்லை என அபூஉபைதா (ரலி) அவர்கள் உரைத்தபோது, தங்களுக்குக் கண்ணியம் அளித்தது இஸ்லாமேயன்றி வேறன்று எனக் கலீஃபா கண்டிப்புடன் விடை பகர்ந்தார்கள். அயல்நாட்டு உடையை அணிவதில் குற்றமில்லை என்பது முன்னதன் பாடம். உடையிலேதான் மானம் இருக்கிறது என்று மயங்கலாகாது என்பது பின்னதன் பாடம்.

இனி நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா உலகு சுற்றிய பயணி என்பதை அனைவரும் அறிவர். அவர் இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டுத் திரும்புகையில், அவரது கப்பல் மஃபர் எனப்பட்ட நம் கிழக்குக் கரையருகே உடைந்தது. உயிர் தப்பிக் கரை சேர்ந்த அவரைப் பற்றி மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானிக்குச் செய்தி சென்றது. இருவருக்கும் உறவும் உண்டு. மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளைக் கியாஸுத்தீனும், மற்றொரு மகளைத் தில்லியில் இப்னு பதூதாவும் மணந்திருந்தனர். ஹர்காத்து என்னுமிடத்தில் பாளையம் இறங்கியிருந்த சுல்தான் அவரை அழைத்துவரச் செய்தார்.

பயணி பாளையத்தை அடைந்தார். அங்கே ஒரு தடை. குஃப்பு அணியாமல் எவரும் சுல்தானின் முன் செல்லலாகாது என்பது அந்நாளில் இந்திய அரசவைகளின் வழக்கம். கப்பல் உடைந்து வந்தவரிடம் குஃப்பு ஏது? சுற்றிலும் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். எவரும் முன்வரவில்லை. அங்கிருந்த முஸ்லிம் அல்லாத ஒருவர்தாம் தம்மிடமிருந்த குஃப்புகளைக் கொடுத்து உதவினார். முஸ்லிம்கள் அத்தனை பேர் இருக்க, அவரது பெருந்தன்மை மேலோங்கி நின்றதைக் கண்டு தாம் வியந்ததாக இப்னு பதூதா தம் ‘ரிஹ்லா’வில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். கொடுத்தவரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. தமிழகத்து வரலாற்றில் பெயரின்றி நிற்கும் பெரியோர் வரிசையில் அவரும் ஒருவர்.

இச்செய்தியின் கனம் அடுத்த பக்கங்களைப் படிக்கும்போதுதான் புலப்படும். அரசவையில் காலணி ஒழுங்கு தவறக்கூடாது என்று கருதிய அதே சுல்தான், காட்டில் பிடிபட்ட முஸ்லிம் அல்லாத மக்களைக் கழுவேற்றி, அவர்தம் மனைவி மக்களையும் கொன்ற கொடுமையை இப்னு பதூதா நேரில் கண்டு எழுதுகிறார். இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னனிடமும் தாம் அறிந்ததில்லை என்றும், இதன் காரணமாகவே இறைவன் அவனது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் தம் உறவினர் என்று பாராமல் கண்டிக்கிறார். நாமும் அதனை மூடி மறைக்க வேண்டுவதில்லை. கால் மறைத்து வருவதை மரியாதை என்று விதித்த அவையில் நீதி இல்லை. எந்த மக்களைச் சுல்தான் வதைத்தானோ, அந்த மக்களுள் ஒருவரிடம் ஈகை இருந்தது. திருமறை தக்வாவையும் ஓர் ஆடையாகவே பேசுகின்றது. அவ்வாடை அன்று எவரிடம் இருந்தது என்பதை நாம் நம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்னு பதூதா மட்டும் குறையற்றவரா? இதற்குச் சற்று முன்னர் மாலத்தீவில் அவர் காஸியாக இருந்தார். அந்நாட்டு முஸ்லிம் பெண்கள் இடைக்குமேல் ஆடையின்றி இருக்கும் வழக்கத்தை மாற்ற அவர் முயன்றார். இயலவில்லை. வழக்குக்காகத் தம் முன் வரும் பெண்கள் உடலை மறைத்து வரவேண்டும் என்பதை மட்டுமே அவரால் நிலைநாட்ட முடிந்தது. வந்தவர், நாட்டாரின் உடையைத் திருத்த முனைந்தால் அதிகாரம் கையிலிருந்தும் எவ்வளவு செல்லும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மதுரைச் சுல்தான்கள் மறைந்து நூற்றாண்டுகள் சென்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் விதி தலைகீழாயிற்று. குஃப்பு அணிந்து வா என்றது போய், செருப்பைக் கழற்றி வா என்பது வழக்கமாயிற்று. அதிலும் ஒரு வேற்றுமை. வெள்ளையர் சப்பாத்தோடு நுழைவர். நம்மவரே கழற்ற வேண்டும். 1854இல் பிறந்த ஓர் ஆணையும், 1868இல் அதனை விரிவாக்கிய மற்றோர் ஆணையும், ஐரோப்பியப் பாணிச் சப்பாத்து அணிந்த இந்தியர் அதனோடு வரலாம் என இசைந்தன. நாட்டுச் செருப்பு அணிந்தோர்க்கு அச்சலுகை இல்லை. இடையில் 1862இல் சூரத் நீதிமன்றத்தில் சப்பாத்தைக் கழற்ற மறுத்த பார்சி ஒருவரின் வழக்கு பெரும் பரபரப்பை விளைவித்தது.

தலையணியின் கதை இலங்கையில் நிகழ்ந்தது. எகிப்தின் உராபி பாஷாவை ஆங்கிலேயர் நாடு கடத்தி, 1883 ஜனவரியில் கொழும்பில் இறக்கினர். அவரும் உடன் வந்த பாஷாக்களும் அணிந்திருந்த சிவந்த துருக்கித் தொப்பி, இலங்கை முஸ்லிம்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. உராபி 1901இல் தாயகம் திரும்பினார். தொப்பி இலங்கையில் தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் 1905 மே 2ஆம் நாள் அத்தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட எழுந்தபோது நீதிபதிகள் மறுத்தனர். தலையைத் திறப்பது ஆங்கிலேயர்க்கு மரியாதை. தலையை மறைப்பது நமக்கு மரியாதை. ஒருவரின் மரியாதை மற்றவர்க்கு அவமதிப்பாய்த் தோன்றியதே இப்பூசலின் வேர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முதலானோர் முன்னின்று கிளர்ச்சி நடத்தினர். மருதானையில் மாபெரும் கூட்டம் கூடியது. முடிவில் தொப்பியோடு வாதாடும் உரிமை கிட்டியது.

ஆயினும் அத்தொப்பி மார்க்கத்தின் சின்னமா? துருக்கியில் 1829இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது தலைப்பாகையை நீக்கி அதனை அலுவலர்க்கு விதித்தபோது, அது புதுமை என்று கருதப்பட்டது. 1925 நவம்பர் 25ஆம் நாள் அதே துருக்கியில் அது சட்டத்தால் தடை செய்யப்பட்டு, மேல்நாட்டுத் தொப்பி விதிக்கப்பட்டது. அச்சட்டம் பிறக்கும் முன்னரே மேல்நாட்டுத் தொப்பியைக் கண்டித்து நூல் எழுதியிருந்த ஆதிஃப் ஹோஜா என்னும் ஆலிம் 1926 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். 1932 அக்டோபர் 29ஆம் நாள் அங்காராவில் நடந்த அரசு விருந்துக்கு எகிப்தின் தூதர் தம் நாட்டு முறைப்படி அத்தொப்பியோடு சென்றார். முஸ்தபா கமால் அதனைக் கழற்றச் சொன்னார். இரு நாடுகளுக்கிடையே மனக்கசப்பு மூண்டது. கொழும்பில் கிறிஸ்தவ அரசு கழற்றச் சொன்ன தொப்பியை, அங்காராவில் முஸ்லிம் தலைவரே கழற்றச் சொன்னார். தொப்பி ஒன்றுதான், மாறியது ஆள்வோரின் மனமே.

அப்படியாயின், எந்த விதிக்கு இணங்குவது, எதற்கு இணங்காதிருப்பது? இதற்கு உரைகல்லை இறைவனே நமக்குத் தந்திருக்கிறான். 1995 வரை பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ்ஜுக் கப்பல்களில், யலம்லம் எல்லை நெருங்கியதும் ஹாஜிகள் இஹ்ராம் அணிவர். ஆடவர் தைத்த உடையைக் களைவர். தொப்பியை நீக்கித் தலையைத் திறப்பர். கணுக்காலை மறைக்கும் குஃப்பையும் கழற்றுவர். எந்த இரண்டுக்காக உலகின் வாயில்களில் இத்தனை பூசல் நிகழ்ந்ததோ, அந்த இரண்டையும் அங்கே மனமுவந்து நீக்குகின்றோம். ஏன் அவமானமாகத் தோன்றவில்லை? அரசனுக்கும் ஆண்டிக்கும் அங்கே ஒரே விதி என்பதனால்தான். எல்லார்க்கும் பொதுவாய், அவ்விடத்தின் கண்ணியத்தைக் கருதி அமைந்த விதி அதபு எனப்படும். ஒரு சாராரைத் தாழ்த்திக் காட்டுவதற்கென்றே அமைந்த விதி அவமதிப்பு எனப்படும். முன்னதற்கு இணங்குவதில் இழிவில்லை. பின்னதை, அப்துல் காதரைப்போல் அமைதியாகவும் உறுதியாகவும் மறுத்துரைப்பதில் பிழையில்லை.

அவ்விளைஞர்க்கும் இதனையே கூறினோம். “தம்பி, ஆடவர்க்கு அவ்ரத்தை மறைப்பது ஃபர்ளு, தொப்பி அதபு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர். நம் நாட்டுக் கடவுச்சீட்டுக்கான நிழற்படத்திலும், முகம் முழுதும் தெரியுமாயின் சமயக் காரணத்துக்கான தலைமறைப்பை ஏற்கின்றனர். இறங்கும் நாட்டின் பொது விதியை முன்கூட்டியே அறிந்துகொள்ளும். அது எல்லார்க்கும் பொதுவாயின் இணங்கும். உம்மை மட்டும் இழிவுபடுத்தும் ஒன்றாயின், சினமின்றி உம் உரிமையைக் கேளும்” என்றோம். அவர் தெளிந்த முகத்துடன் சென்றார்.

அவர் சென்றபின் நம் உள்ளம் அடங்கவில்லை. பிறர் வாயிலில் நாம் எப்படி நிற்பது என்று இவ்வளவு ஆராய்கின்றோம். நம் வாயிலில் பிறர் வந்து நின்றால்? முருகன் கோயிலைக் காணவும், சிற்பிகளிடம் செப்புத் திருமேனி வாங்கவும் சுவாமிமலைக்கு வெளிநாட்டார் வருகின்றனர். அவர்களுள் சிலரேனும் பள்ளிவாசலைப் பார்க்க விரும்பி, முறை தெரியாமல், வெறுந்தலையோடும் சப்பாத்தோடும் படியில் தயங்கி நிற்பதுண்டு. அத்தகையோரை முறைத்துப் பார்ப்போர் நம்முள் இருக்கின்றனர். கப்பல் உடைந்து வந்த பயணியைச் சுற்றி நின்றும் கைகொடாதவர்களின் வழிவந்தவர்களாகவே அவர்களைக் கருத வேண்டியுள்ளது.

நம் பள்ளிவாசல்களில் தொப்பியின்றி வருவோர்க்கென்று ஓலைத் தொப்பிகளைக் கூடையில் வைத்திருப்பது நெடுநாளைய வழக்கம். இனி ஒருவர் படியில் தயங்கி நின்றால், எழுந்து சென்று, சப்பாத்தை விடும் இடத்தைக் காட்டி, கூடையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுப்போமாக. பெயர் தெரியாத அந்தப் பெருந்தகைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஆறரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் நிற்கிறது.